முதுகுத்தண்டில் டெர்மாய்டு கட்டி: எந்த ஸ்கேனை முதலில் எடுப்பது?

"குழந்தையின் இடுப்புக்குக் கீழே சின்னதாக ஒரு குழி இருக்கிறது. அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்றார்கள். இன்னொரு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

"அம்மாவின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'டெர்மாய்டாக இருக்கலாம்' என்று போட்டிருக்கிறது. இப்போது ஊசி போட்டு மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள். அதை முதல் தடவையே செய்திருக்கக் கூடாதா?"

ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் தொழில். இந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு வடிவத்தில் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டாவது கேள்வியில் இருக்கும் எரிச்சல் ரொம்பவே நியாயமானது. இந்த நோயில் ஸ்கேனுக்காக நோயாளி படும் பாட்டில் பெரும்பகுதி, அரைகுறையாக எடுத்துவிட்டு மறுபடி எடுப்பதால் வருவதுதான். குழந்தை என்றால் இன்னொரு தடவை மயக்க மருந்து. பெரியவர் என்றால் வலியோடு அந்தக் குழாய்க்குள் இன்னொரு தடவை அரை மணி, ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும்.

'எந்த ஸ்கேன் நல்ல ஸ்கேன்' என்று கேட்டால் எல்லோரும் எம்.ஆர்.ஐ. என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கட்டியால் இப்போது எந்தச் சிக்கல் வந்திருக்குமோ என்று பயப்படுகிறோம்? அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் எந்த ஸ்கேன், எந்த முறையில், உடம்பின் எந்தப் பகுதி வரைக்கும் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

## முதலில், உள்ளே என்ன இருக்கிறது?

கரு உருவான 3-ஆவது வாரத்திலிருந்து 5-ஆவது வாரத்துக்குள், பின்னால் தண்டுவடமாகப் போகும் நரம்புக் குழாய் மூடிக்கொண்டு மேல்தோலிலிருந்து பிரிய வேண்டும். அந்தப் பிரிவு சுத்தமாக நடக்காமல் தோலின் சில செல்கள் உள்ளே மாட்டிக்கொண்டால், அவை தோல் செய்கிற வேலையை அங்கேயும் செய்யத் தொடங்கும். எண்ணெய் சுரக்கும், செதில் உதிர்க்கும், முடி வளர்க்கும். இதெல்லாம் வெளியேற வழியில்லாமல் ஒரு பைக்குள் சேர்ந்துகொண்டே போவதுதான் டெர்மாய்டு. புற்றுநோய் வேகத்தில் அது பெருகாது. தோல் எந்த நிதானத்தில் செதில் உதிர்க்குமோ அந்த நிதானத்தில்தான் வளரும். அதனால்தான் பிறவியிலேயே இருக்கும் கட்டி இருபது, முப்பது வயதில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

இதன் சகோதரன் எபிடெர்மாய்டு. அதில் செதில் மட்டுமே உண்டு. முடியும் எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது. பிறவியில் வருவது தவிர, முதுகில் ஊசி குத்தும்போது தோலின் துணுக்கு உள்ளே தள்ளப்பட்டும் எபிடெர்மாய்டு உருவாகலாம். முதுகு நீர் எடுக்கும் ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செருகிக் குத்துவதற்கு ஒரு காரணம் இதுதான்.

டெர்மாய்டு அதிகம் வரும் இடம் கீழ் முதுகு: தண்டுவடம் முடியும் நுனியும் அதற்குக் கீழே குதிரைவால் போலப் பிரியும் நரம்புகளும் உள்ள பகுதி. சிலருக்கு அந்தக் கட்டியிலிருந்து தோல் வரைக்கும் ஒரு மெல்லிய சுரங்கப்பாதை இருக்கும். வெளியே பார்த்தால் ஒரு குழி. சுற்றிலும் கொஞ்சம் முடியோ சிவப்புத் தழும்போ இருக்கலாம். இந்தப் பாதை இருக்கிறதா இல்லையா என்பது, பின்னால் வரும் முடிவுகள் பலவற்றை மாற்றிவிடும்.

## எதற்குப் பயந்து ஸ்கேன் எடுக்கிறோம்?

அழுத்தமும் இழுவையும். கட்டி நரம்புகளை நசுக்கலாம். தண்டுவடத்தின் நுனியைக் கீழே கட்டிப்போட்டு, உயரம் கூடக் கூட அதை இழுக்கலாம். முதுகுவலி, கால் பலவீனம், நடை மாறுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது அல்லது கழிக்கவே முடியாமல் போவது எல்லாம் இதன் அறிகுறிகள். படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கினால், அதைக் குறும்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிருமித் தொற்று. சுரங்கப்பாதை திறந்திருந்தால் தோலில் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸும், டயப்பர் பகுதியின் ஈ.கோலையும் நேராக உள்ளே போக வழி கிடைக்கிறது. மூளைக்காய்ச்சல் வரலாம்; கட்டியே சீழ்ப் பையாக மாறலாம்; தண்டுவடத்துக்குள்ளேயே சீழ் கட்டலாம். காரணம் தெரியாமல் இரண்டாவது முறை மூளைக்காய்ச்சல் வந்த குழந்தையின் முதுகை, கழுத்திலிருந்து பிட்டம் வரை துணி விலக்கிப் பார்க்க வேண்டும். செலவே இல்லாத இந்தப் பரிசோதனை பல நேரம் விட்டுப்போகிறது.

உடைதல். பை கிழிந்து எண்ணெயும் கொலஸ்ட்ராலும் தண்டுவட நீரில் கலந்தால், கிருமியே இல்லாமல் மூளையுறை கொதித்துப்போகும். தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு, சிலருக்கு வலிப்பு. நீர்ப்பாதை அடைபட்டு மூளைக்குள் நீர் தேங்கலாம். அரிதாக மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிப் பக்கவாதமும் வரலாம். கீழ் முதுகில் உடைந்த கட்டியின் எண்ணெய்த் துளிகள் மேலேறித் தலைக்குள் போய் நிற்கும் என்பதுதான் இதில் பலரும் எதிர்பார்க்காத விஷயம்.

மிச்சம் வளர்வது. பையின் சுவர் நரம்போடு ஒட்டிப் போயிருந்தால் அறுவை மருத்துவர் ஒரு துண்டை விட்டுவிட்டு வருவார். அதைக் குறை சொல்ல முடியாது. பிய்த்தெடுத்தால் கால் போகும். ஆனால் விட்ட துண்டும் தோல்தானே, மெதுவாக வளரும்.

## எதை வைத்து எடைபோடுவது?

மேலே உள்ள நான்கு பயங்களில் எதற்கு அந்த ஸ்கேன் பதில் சொல்கிறது என்பது முதல் அளவுகோல். நோயாளி எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடியும், அதற்கு மயக்க மருந்து தேவைப்படுமா என்பது அடுத்தது. கதிர்வீச்சு, சாய ஊசி, முதுகில் குத்தும் ஊசி என உடம்பு கொடுக்கும் விலை மூன்றாவது. நான்காவது, இதை எடுத்தபின் இன்னொன்றை எடுக்க வேண்டி வருமா என்பது. ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதை நோயாளிகள் கேட்பதே இல்லை: ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த 'இல்லை'யை எவ்வளவு தூரம் நம்பலாம்?

## அல்ட்ராசவுண்டு: கைக்குழந்தைக்கு மட்டும், ஆனால் பிரமாதம்

பிறந்த சில மாதங்களுக்கு முள்ளெலும்பின் பின்பகுதி முழுதாக எலும்பாகியிருக்காது. அந்தக் குருத்தெலும்பு ஜன்னல் வழியாகத் தண்டுவடத்தை நேரடியாகப் பார்க்கலாம். முதல் 3 மாதங்கள் நல்ல காலம்; 6 மாதத்துக்குப் பிறகு ஜன்னல் அநேகமாக மூடிவிடும்.

மயக்க மருந்து வேண்டாம், கதிர்வீச்சு இல்லை. எம்.ஆர்.ஐ.யில் எளிதில் கிடைக்காத ஒன்றையும் இது காட்டும்: தண்டுவட நுனி நாடித்துடிப்போடு சேர்ந்து அசைகிறதா, அல்லது கட்டிப்போட்டது போலக் கிடக்கிறதா என்று. நுனி எந்த முள்ளெலும்பு மட்டத்தில் முடிகிறது என்பதையும் எண்ணிச் சொல்லலாம். சாதாரணமாக அது இடுப்புப் பகுதியின் 1, 2-ஆவது முள்ளெலும்புகளை ஒட்டி முடியும். 2-க்கும் 3-க்கும் இடையிலான தட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் சந்தேகம்தான்.

குறைகளும் உண்டு. சின்னக் கட்டி தப்பிப்போகலாம். சுரங்கப்பாதை தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்து உள்ளே போகிறதா என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்துத் தரம் மாறும். ஆகவே 'ஒன்றுமில்லை' என்ற பதிலை, குழி எங்கே இருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆசனவாயிலிருந்து 2.5 செ.மீ.க்குள், நடுக்கோட்டில், 5 மி.மீ.க்குக் குறைவான அகலத்தில், வேறு எந்தத் தோல் அடையாளமும் இல்லாத குழி என்றால் பெரும்பாலும் கவலையில்லை. பலருக்கு ஸ்கேனே வேண்டாம். அதைவிட மேலே, பிட்டப் பிளவுக்கும் மேலாக இருக்கும் குழி, முடியோ சிவப்போ சதைத் துணுக்கோ கூடவே இருக்கும் குழி, ஈரம் கசியும் குழி என்றால் அல்ட்ராசவுண்டு நன்றாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ.யும் அறுவை மருத்துவரின் பார்வையும் தேவை. முதல் கேள்வி கேட்ட தாய்க்கு என் பதில் இதுதான்: இரண்டு டாக்டர்களுமே சரியாக இருக்கலாம். குழி எங்கே என்று அளந்து பாருங்கள்.

## எம்.ஆர்.ஐ., சாய ஊசி இல்லாமல்

பெரும்பாலானோருக்கு இதுதான் அடிப்படை ஸ்கேன். கட்டி தண்டுவடத்துக்குள்ளா வெளியிலா, எத்தனை மட்டம் நீளம், நுனி எங்கே, தண்டுவடத்துக்குள் நீர் தேங்கியிருக்கிறதா, கூடவே தண்டுவடம் இரண்டாகப் பிளந்திருக்கிறதா என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும்.

பாடப்புத்தகத்தில் டெர்மாய்டு என்றால் 'டி1' என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாக மின்னும் கொழுப்பு. நடைமுறையில் முதுகுத்தண்டு டெர்மாய்டுகளில் பல அப்படி மின்னுவதே இல்லை. செதிலும் நீரும் அதிகமாக இருந்தால் சுற்றியுள்ள தண்டுவட நீரின் நிறத்திலேயே கலந்து நிற்கும். 'மின்னவில்லை, ஆகவே டெர்மாய்டு இல்லை' என்று முடிவு கட்டக்கூடாது.

தலைகீழாகவும் ஏமாறலாம். டி1-இல் மின்னுவதெல்லாம் கொழுப்பும் அல்ல. சில நாள் பழைய ரத்தம் மின்னும், புரதம் செறிந்த திரவம் மின்னும், மெலனின் நிறமி மின்னும். இங்கேதான் கொழுப்பை அணைக்கும் படம் தேவைப்படுகிறது. அதே இடத்தை, கொழுப்பின் சிக்னலை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள். வெள்ளை கறுப்பாக மாறினால் கொழுப்பு, மாறாவிட்டால் வேறு ஏதோ. சில நிமிட வேலை. இது விட்டுப்போன படங்களை வைத்துக்கொண்டு 'ரத்தமா கொழுப்பா சொல்ல முடியவில்லை' என்று ரிப்போர்ட் எழுத வேண்டி வரும்போது, கையில் இருக்கும் பேனாவை வீசலாம் போலிருக்கும். இதில் இன்னொரு நுணுக்கம்: 'ஸ்டிர்' என்ற முறையும் கொழுப்பை அணைக்கும், ஆனால் கொழுப்பைப் போலவே நடந்துகொள்ளும் பழைய ரத்தத்தையும் சேர்த்து அணைத்துவிடும். இந்தக் கேள்விக்குக் கொழுப்பின் அதிர்வெண்ணை மட்டும் குறிவைத்து அணைக்கும் முறைதான் சரி.

கொழுப்புதான் என்று உறுதியானாலும் லிப்போமாவா (வெறும் கொழுப்புக் கட்டி) டெர்மாய்டா என்ற கேள்வி பாக்கி. லிப்போமா ஒரே சீராக, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பின் நிறத்திலேயே இருக்கும். பலநேரம் அதோடு தொடர்பும் இருக்கும். டெர்மாய்டு உள்ளே கலவையாக, திட்டுத் திட்டாகத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு மயக்க மருந்து. சின்னக் குழந்தைகள் இந்தச் சத்தத்தில் அசையாமல் இருக்க மாட்டார்கள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ., 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மயக்க மருந்தைப் பலமுறை கொடுப்பது பற்றியும் 3 மணி நேரத்துக்கு மேல் கொடுப்பது பற்றியும் 2016 டிசம்பரில் எச்சரிக்கை விடுத்தது. ஒருமுறை, குறைந்த நேரம் கொடுப்பதைப் பற்றி அது பயமுறுத்தவில்லை. ஆனால் 'முதலில் சும்மா எடுத்துப் பார்ப்போம், தேவைப்பட்டால் மறுபடி' என்ற மனப்போக்குக்கு அது நல்ல பதில். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு மயக்க மருந்தே இல்லாமல் ஒரு வழி உண்டு: பசியோடு கொண்டுவந்து, பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றித் தூங்கவைத்து எடுப்பது. எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

## எம்.ஆர்.ஐ., சாய ஊசியுடன்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தொற்று ஏதுமில்லாத டெர்மாய்டு, ஊசியில் ஏற்றும் கெடோலினியம் என்ற சாயத்தை உறிஞ்சாது. மிஞ்சிப்போனால் ஓரத்தில் மெல்லிய கோடு. அப்படியானால் ஊசி எதற்கு? ஓரம் தடித்து மின்னுகிறதா என்று பார்க்கத்தான். தடித்த வளையம் என்றால் சீழாக இருக்கலாம். சுரங்கப்பாதை முழுவதும் மின்னினால் அது வீங்கியிருக்கிறது. நரம்புகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு மின்னினால் உறை அழற்சி. உள்ளே சதைப்பிடிப்பான பகுதி மின்னினால் இது டெர்மாய்டே இல்லை, வேறு கட்டி என்றோ, மிக அரிதாக டெர்மாய்டு புற்றாக மாறியிருக்கிறது என்றோ யோசிக்க வேண்டும்.

ஆகவே காய்ச்சல், கசிவு, பழைய மூளைக்காய்ச்சல், திடீரென்று மோசமான பலவீனம் இவற்றில் ஏதாவது இருந்தால் முதல் தடவையே ஊசியோடு எடுக்க வேண்டும். என்ன கட்டி என்றே தெரியாத நிலையிலும் அப்படித்தான். அந்த அம்மாவின் விஷயத்தில், ஸ்கேனுக்கு அனுப்பிய சீட்டில் 'முதுகுவலி' என்று மட்டும் எழுதியிருந்தால் ஊசி போடாததற்கு ஸ்கேன் மையத்தைக் குறை சொல்ல முடியாது. சீட்டில் எழுதாத பயத்துக்கு ஸ்கேன் பதில் சொல்லாது.

ஊசி போட்டு எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கொழுப்பும் வெள்ளை, சாயம் ஏறிய இடமும் வெள்ளை. ஊசிக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிப் படம் எடுத்து ஒப்பிட வேண்டும். பின்னால் எடுப்பதில் கொழுப்பை அணைக்கவும் வேண்டும். மேலே சொன்ன ஸ்டிர் முறை இங்கே ஆகவே ஆகாது. அது சாயம் ஏறிய இடத்தையும் சேர்த்தே அணைத்துவிடும்.

ஊசியின் விலை என்ன? சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்கு ஆபத்து குறைவு. சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்குத் தோலும் தசையும் இறுகிப்போகும் நோய் இந்தச் சாயத்தோடு 2006-இல் தொடர்புபடுத்தப்பட்டது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் வடிகட்டும் அளவு (ஈ.ஜி.எஃப்.ஆர்.) 30-க்குக் கீழே இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூளையில் சிறிதளவு தங்குகிறது என்று தெரியவந்தபின், நேர்கோட்டு அமைப்புள்ள சாயங்கள் பலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் கட்டுப்படுத்தியது. வளைய அமைப்புள்ளவை குறைவாகவே தங்கும். ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பில் இருக்கப்போகும் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் ஊசி தேவையா என்று கேட்பது உங்கள் உரிமை. தொற்று இல்லாத, வகை உறுதியான டெர்மாய்டுக்குப் பல நேரம் தேவைப்படாது. கர்ப்பிணிகளுக்கு, தவிர்க்கவே முடியாத நிலை தவிர, போடுவதில்லை.

## டிஃப்யூஷன் படம்: சிறிய கூடுதல், பெரிய பலன்

இது தனி ஸ்கேன் இல்லை, எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்து எடுக்கும் சில நிமிடப் படம். நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர்கின்றனவா, நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று காட்டும். வெறும் நீர்க்கட்டி இதில் மின்னாது, எபிடெர்மாய்டு பளிச்சென்று மின்னும். டெர்மாய்டும் மின்னலாம். தண்டுவட நீரின் நிறத்தில் ஒளிந்துகொள்ளும் கட்டிகளைப் பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அறுவைக்குப் பிறகு தழும்பா மிச்சக் கட்டியா என்ற சண்டையிலும் இதுதான் பஞ்சாயத்துத் தலைவர்.

ஆனால் சீழும் இதில் மின்னும். ஆகவே 'டிஃப்யூஷனில் மின்னுகிறது' என்ற ஒரு வரியை வைத்துத் தொற்று என்றோ, தொற்றில்லை என்றோ சொல்லிவிட முடியாது. காய்ச்சலும் ரத்தப் பரிசோதனையும் சாய ஊசிப் படமும் கூடவே பேச வேண்டும். முதுகுத்தண்டில் இந்தப் படம் எளிதில் கோணல் ஆகும். உலோகத் திருகு இருந்தால் அந்த இடமே தெரியாது.

## சி.டி. ஸ்கேன்: இரண்டாம் இடம், ஆனால் அவசரத்தில் முதலிடம்

ஒவ்வொரு பொருளும் எவ்வளவு அடர்த்தி என்று சி.டி. ஓர் எண்ணால் சொல்லும்; அந்த ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் நீர் 0, காற்று மைனஸ் 1000. கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 100 பக்கம். ஆகவே கொழுப்பு நிறைந்த டெர்மாய்டை சி.டி. எண்ணாலேயே காட்டிக்கொடுக்கும். கால்சியம் படிவு, மூடாத முள்ளெலும்பு, தண்டுவடத்தைப் பிளக்கும் எலும்புத் துண்டு எல்லாம் எம்.ஆர்.ஐ.யை விட இதில் தெளிவு. சில வினாடிகளில் முடிந்துவிடும். பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டாம்.

ஆனால் தண்டுவடமும் நரம்புகளும் கட்டியின் எல்லையும் மங்கல். குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு உண்மையான விலை. கீழ் முதுகு என்றால் இனப்பெருக்க உறுப்புகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. முடியாதவர்களுக்கும், எலும்பின் அமைப்பு தெரிய வேண்டும் என்று அறுவை மருத்துவர் கேட்கும்போதும் மட்டுமே முதுகுக்கு சி.டி.

தலைக்கு எடுப்பது வேறு கதை. கட்டி உள்ளவருக்குத் திடீரென்று கடுமையான தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் தலை சி.டி.தான் முதலில்: நீர் தேங்கியிருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எண்ணெய்த் துளிகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். மல்லாந்து படுத்திருப்பவரின் மூளை அறைகளில், தண்ணீர் மேல் எண்ணெய் மிதப்பது போல முன்பக்கம் ஒரு கறுப்பு அடுக்கு கோடு கட்டி நிற்கும். இரவு நேர அவசரத்தில் இதைக் காற்று என்று தவறாகப் படித்துவிட வாய்ப்புண்டு; மூளையைப் பார்க்க வைக்கும் வழக்கமான கறுப்பு-வெள்ளை அமைப்பில் இரண்டும் கறுப்புதான். அந்த அமைப்பை மாற்றியோ எண்ணை அளந்தோ பார்த்தால் மைனஸ் 1000-க்கும் மைனஸ் 100-க்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும்.

தலைக்குள் எண்ணெய்த் துளிகள் இருந்து, தலைக்குள் உடைந்த கட்டி எதுவும் இல்லையென்றால் அடுத்து முதுகைப் பார்க்க வேண்டும், கடைசி முள்ளெலும்பு வரைக்கும். முதுகில் கட்டி உடைந்தது தெரிந்தால் தலையையும் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யை இடுப்புப் பகுதிக்கு மட்டும் எடுத்து நிறுத்துவது இந்த இரண்டு நிலைகளிலும் அரைவேலை.

## இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை போதும்

*எக்ஸ்ரே:* எலும்பு விரிந்திருப்பதையும் மூடாமல் இருப்பதையும் காட்டும். கட்டியைக் காட்டாது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

*மைலோகிராம் சி.டி.:* முதுகில் ஊசி குத்தி நீரில் சாயம் கலந்து எடுப்பது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் இதுதான் வழி. இன்று எம்.ஆர்.ஐ.க்குள் போகவே முடியாதவர்களுக்கு மட்டும். தண்டுவட நுனி கீழே இறங்கியிருக்கும் நோய் இது. வழக்கமான இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் ஊசி தண்டுவடத்திலோ கட்டியிலோ இறங்கலாம்.

*குழிக்குள் கம்பி விட்டுப் பார்ப்பது, சாயம் செலுத்திப் படமெடுப்பது:* வேண்டவே வேண்டாம். பாதை உள்ளே திறந்திருந்தால் கிருமியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவதற்குச் சமம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| ஸ்கேன் | நன்றாகச் சொல்வது | தவறவிடுவது | மறைந்த செலவு | முதலில் எடுக்க வேண்டிய நிலை |
|---|---|---|---|---|
| அல்ட்ராசவுண்டு | நுனியின் மட்டம், அசைவு | சின்னக் கட்டி, பாதையின் உள்முனை | 'இல்லை' என்ற பதிலின் பொய் நிம்மதி | 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தை |
| எம்.ஆர்.ஐ., ஊசி இல்லாமல் | இடம், அளவு, இழுவை, கொழுப்பு | ஆரம்பத் தொற்று | மயக்க மருந்து, கொழுப்பணைப்பு விட்டுப்போனால் மறு ஸ்கேன் | வலி, பலவீனம், கண்காணிப்பு |
| எம்.ஆர்.ஐ., ஊசியுடன் | சீழ், அழற்சி, வேறு வகைக் கட்டி | சுவர் நரம்போடு ஒட்டியிருக்கும் அளவு | சாயம், சிறுநீரகப் பரிசோதனை, கூடுதல் நேரம் | காய்ச்சல், கசிவு, வகை தெரியாத கட்டி |
| டிஃப்யூஷன் | ஒளிந்த கட்டி, மிச்சக் கட்டி | சீழா கட்டியா என்ற வேறுபாடு | சில நிமிடங்கள் | எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதெல்லாம் கூடவே |
| சி.டி. | எலும்பு, கால்சியம், தலையில் நீர்த்தேக்கம் | நரம்பு, தண்டுவடம் | கதிர்வீச்சு | திடீர்த் தலைவலி, எம்.ஆர்.ஐ. முடியாதபோது |

## எந்த ஸ்கேனாலும் சொல்ல முடியாத இரண்டு விஷயங்கள்

பையின் சுவர் நரம்போடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பது ஒன்று. அதைத் திறந்து பார்த்தபின்தான் அறுவை மருத்துவரே சொல்ல முடியும். 'ஸ்கேனில் சின்னதாகத்தானே இருக்கிறது, முழுசாக எடுத்துவிடலாமே' என்று அவரிடம் உறுதி கேட்பது அவரைப் பொய் சொல்லச் சொல்வது.

இன்னொன்று, சுரங்கப்பாதையின் கடைசி அங்குலம். தோலில் குழி இருக்கும் மட்டத்திலேயே அது உள்ளே நுழையும் என்றில்லை. பல நேரம் மேல்நோக்கி ஏறித்தான் உறையைத் துளைக்கும். நீரை வெள்ளையாகவும் நரம்பை நூல் போலவும் காட்டும் மிக மெல்லிய அடுக்குப் படங்களில் தெரிய வாய்ப்பு கூடுகிறது, ஆனாலும் தப்பிப்போகலாம். அதனால்தான் பிட்டப் பிளவுக்கு மேலே உண்மையான பாதையின் வாய் இருந்தால், எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தாலும் அறுவை செய்து பார்த்துவிட வேண்டும் என்று நரம்பியல் அறுவை மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள். ஸ்கேன்காரனான நானும் இதில் அவர்கள் பக்கம்தான். தொற்று வருவதற்கு முன் எடுப்பது, சீழோடு ஒட்டிப்போன நரம்புகளுக்கு நடுவே எடுப்பதைவிடப் பல மடங்கு எளிது.

## சீட்டில் என்ன எழுதச் சொல்வது?

டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். சந்தேகிக்கும் சிக்கல் எது என்று ஒரு வரி. காய்ச்சலோ கசிவோ பழைய மூளைக்காய்ச்சலோ இருந்ததா. கொழுப்பணைப்புப் படமும் டிஃப்யூஷனும் சேர்த்தா. இடுப்பு மட்டுமா, முழு முதுகா, தலையும் சேர்த்தா. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்றால் இவற்றை எல்லாம் அந்த ஒரே மயக்கத்திலேயே முடித்துவிட முடியுமா என்று ஸ்கேன் மையத்திடமும் முந்தின நாளே பேசிவிடுங்கள். உடம்புக்குள் பேஸ்மேக்கர், காதுக்கருவி, கண்ணில் இரும்புத் துகள் ஏதாவது இருந்தால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

சிறுநீர் திடீரென்று நின்றுவிட்டால், கால் சில மணி நேரத்தில் தளர்ந்துகொண்டே போனால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் இந்த ஒப்பீடெல்லாம் தேவையில்லை. அவசரப் பிரிவுக்குப் போய்விட்டு மற்றதை அங்கே பேசிக்கொள்ளலாம்.

அறுவைக்குப் பிறகு கண்காணிப்பு ஆண்டுக்கணக்கில் போகும். அந்த ஸ்கேன்களில் ஒன்றைக் கண்டு பதறாதீர்கள்: உடைந்த கட்டியிலிருந்து தலைக்குப் போன எண்ணெய்த் துளிகள் பல வருடம் அங்கேயே இருக்கலாம். 'கொழுப்புத் துளிகள் தெரிகின்றன' என்ற வரி கட்டி மறுபடி வளர்கிறது என்று சொல்லவில்லை. போன வருடமும் அதே எண்ணிக்கை, அதே இடங்கள்தானா என்பதுதான் கேள்வி. அதற்கு எனக்குப் பழைய ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் போதாது, பழைய படங்களே வேண்டும். அவை பதிந்திருக்கும் குறுந்தட்டைப் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டு வாருங்கள்.